விளக்குக்குக் கீழே என்ன வேலை?

கடைக்கு யார் வந்தாலும் அவள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். எத்தனை வாட், எத்தனை வருஷம் உத்தரவாதம் என்று வந்தவர் வாயைத் திறப்பதற்குள் கையைக் காட்டி நிறுத்திவிடுவாள்.

"அதெல்லாம் அப்புறம். விளக்குக்குக் கீழே என்ன வேலை நடக்குது? முதல்ல அதைச் சொல்லுங்க."

வந்தவர் திருதிருவென்று முழிப்பார். விளக்கு வாங்க வந்தவனுக்கு விளக்கைக் காட்ட வேண்டியதுதானே, இந்த அம்மா என்ன போலீஸ்காரர் மாதிரி விசாரிக்கிறாள் என்று தோன்றும். அவள் விடமாட்டாள். பெட்டி அடுக்குகிற கோடவுனா, துணி தைக்கிற கூடமா, மாவு பறக்கிற ஆலையா, தண்ணீர் அடித்துக் கழுவுகிற இடமா? கூரை கைக்கு எட்டுமா, ஏணிக்கே எட்டாதா? எல்லாவற்றையும் கறந்துவிட்டுத்தான் நாற்காலியைவிட்டு எழுந்திருப்பாள்.

தாழ்ந்த கூரைக்குச் சதுரப் பலகை விளக்கு. உயர்ந்த கூரைக்குக் கவிழ்த்த தட்டு மாதிரித் தொங்குகிற ஹைபே. ஆபீசில் ஹைபேயை மாட்டினால் உட்கார்ந்திருப்பவன் தலைவலி மாத்திரை தேடுவான். கோடவுனில் பலகை விளக்கை மாட்டினால் வெளிச்சம் பாதி வழியிலேயே களைத்துப் படுத்துவிடும். இதையெல்லாம் மூச்சு விடாமல் சொல்வாள். யாராவது மறுபடியும் "எத்தனை வாட்?" என்று கேட்டுவிட்டால் போச்சு.

"வாட்டுங்கிறது அது திங்கிற தீனி. லூமன்ங்கிறது அது கொடுக்குற வெளிச்சம். மாடு வாங்கப் போனா எவ்வளவு தின்னும்னு மட்டுமா கேப்பீங்க? எவ்வளவு கறக்கும்னு கேக்க மாட்டீங்க?"

இப்படிச் சொல்லிச் சொல்லியே அந்தத் தெருவில் அவளுக்கு 'லூமன் அக்கா' என்று பெயர் விழுந்துவிட்டது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. உள்ளுக்குள் பெருமைதான்.

அவள் புருஷன் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறவர். சுழல்கிற இரும்பையும் பித்தளையையும் உளியால் சீவி, சொன்ன அளவுக்கு உருட்டித் தருகிற வேலை. கடையில் பேச்சு, வீட்டில் பேச்சு, வழியில் பேச்சு, எல்லாம் அவளுக்கு. அவர் பங்குக்கு ஒரு 'ம்'. கோபம் என்றால் 'ம்ம்'. அவருடைய தம்பி நேர் எதிர். வாய் ஓயாது. எலக்ட்ரீஷியன். அண்ணி விற்கிற விளக்குகளைக் கொண்டுபோய் மாட்டிக் கொடுப்பது அவன்தான்.

அந்தப் பட்டறையின் முதலாளி ஒருநாள் அவளைக் கூப்பிட்டார். ஒரு பெரிய கம்பெனியிலிருந்து ஆட்கள் பட்டறையைப் பார்க்க வருகிறார்களாம். இருட்டுக் குகை மாதிரி இருந்தால் ஆர்டர் வருமா? "எப்படியாவது அவங்க வர்றதுக்குள்ள பளிச்சுனு ஆக்கிக் கொடும்மா" என்றார்.

பட்டறை நிஜமாகவே குகைதான். ஜன்னல் கண்ணாடிகளில் எண்ணெய்ப் புகை அப்பி, வெயில் உள்ளே வருவதற்குக் கெஞ்ச வேண்டியிருந்தது. மேலே சங்கிலியில் தொங்கிய பழைய டியூப் லைட்டுகளில் பாதி செத்துப் போயிருந்தன. மீதிப் பாதி சாகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தன. கொழுந்தன் ஏணியில் ஏறி மேலே பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"அண்ணி, இதை இழுத்தவன் சத்தியமா தெளிவா இருந்திருக்க மாட்டான். ஒரு லைட்டு சிவப்பு வயர்ல இருக்கு, பக்கத்து லைட்டு மஞ்சள்ல, அதுக்கடுத்தது நீலத்துல. ஒரு வரிசையை அணைக்க மூணு சுவிட்ச்! எவனாவது இப்படி இழுப்பானா?"

மின்கம்பத்திலிருந்து பட்டறைக்குள் மூன்று தனித்தனி மின்வழிகள் வருகின்றன. சிவப்பு, மஞ்சள், நீலம் என்று அடையாளம். பழைய ஆள் ஒவ்வொரு விளக்குக்கும் ஒவ்வொன்றை மாற்றி மாற்றிக் கொடுத்து வைத்திருந்தான்.

"சிரிச்சது போதும். எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுட்டு ஒரே லைன்ல அழகா இழு. மொத்தத்துக்கும் ஒரே சுவிட்ச்" என்றாள் அவள்.

அவனும் இழுத்தான். அவன் வாய்தான் அப்படி, கை சுத்தம். வயர்கள் வகிடு எடுத்த மாதிரி ஓடின.

விளக்கு எடுப்பதில்தான் ஒரு சின்னச் சிக்கல். நல்ல ரகம் வந்து சேர நாளாகும் என்று கம்பெனியில் கையை விரித்துவிட்டார்கள். அவள் கடையில் கோடவுன் விளக்குகள் குவியலாக இருந்தன. அதே உருவம், அதே வெளிச்சம், உள்ளே இருக்கிற மின்சாரப் பெட்டி மட்டும் கொஞ்சம் மட்டம். அட்டைப்பெட்டி அடுக்குகிற இடத்துக்கு அது தாராளம். கண்ணை மூடிக்கொண்டு அதையே எடுத்து அனுப்பினாள். வாழ்க்கையில் முதல் தடவையாக, விளக்குக்குக் கீழே என்ன வேலை என்று அவள் கேட்கவில்லை. எதற்குக் கேட்க வேண்டும்? வீட்டுக்காரர் வேலை செய்கிற இடம். அவளுக்குத் தெரியாததா?

அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். லேத்தின் தலைமாட்டில், வளைகிற கழுத்தோடு ஒரு பழைய குண்டு பல்பு விளக்கு இருந்தது. மஞ்சளாக, எண்ணெய்ப் பிசுக்கோடு, மூக்கு நசுங்கி.

"அது மட்டும் இருக்கட்டுமே" என்றார்.

"இதுவா? மேல இத்தனை வெளிச்சம் கொட்டுது, கீழே இந்த அழுமூஞ்சி எதுக்கு? பார்க்க வர்றவன் சிரிக்க மாட்டானா?" என்று அவளே ஸ்பேனர் வாங்கிக் கழற்றி, பழைய இரும்பு போடுகிற டிரம்மில் வீசினாள்.

"ம்" என்றார் அவர்.

சுவிட்சைப் போட்டதும் பட்டறை மொத்தமும் 'ஆ' என்றது. சும்மா சொல்லக்கூடாது, தரையில் ஊசி கிடந்தாலும் எடுத்துவிடலாம். வந்த கம்பெனி ஆட்கள் அண்ணாந்து பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். ஆர்டரும் வந்தது. பித்தளை உருளைகள், மூட்டை மூட்டையாக. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. போனை எடுத்துப் பட்டறையைச் சுற்றிச் சுற்றி வீடியோ பிடித்தாள். படத்தில் கறுப்புக் கறுப்பாகப் பட்டைகள் மேலிருந்து கீழே ஊர்ந்தன. "போன் பழசாயிடுச்சு" என்று சலித்துக்கொண்டு அதையே கடை டிவியில் ஓடவிட்டாள். வருகிறவன் போகிறவன் எல்லாம் அதைப் பார்த்துத்தான் தீர வேண்டும்.

விளக்கு மாட்டிக் கொஞ்ச நாளில், ஒரு சாயங்காலம், அவர் வழக்கத்துக்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்தார். சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். வலது கையை மடியில் வைத்து, இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, காய்ச்சலா?"

"இல்ல."

"பின்னே?"

நடந்ததை அவர் சொன்னார். உளி மழுங்கிவிட்டது என்று, லேத்தை அணைத்துவிட்டதாக நினைத்துத் தீட்டுக்கல்லுக்குப் போயிருக்கிறார். தீட்டிக்கொண்டு திரும்பி வந்தால் லேத்தின் சக் சும்மா நிற்கிறது. சக் என்பது உருளையைக் கவ்விப் பிடித்துச் சுழற்றுகிற மூன்று பல் இரும்புத் தலை. மூன்று பல்லும் தெளிவாகத் தெரிந்தன. அளவு பார்க்கலாமென்று காலிப்பரோடு கையைக் கொண்டுபோயிருக்கிறார். சக் நிற்கவில்லை. முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. பக்கத்தில் கம்ப்ரஸர் போட்ட கூச்சலில் சத்தமும் பிரித்துக் கேட்கவில்லை. காலிப்பரைப் பிடுங்கிச் சுவரில் அடித்துவிட்டது. விரல் தப்பியது எப்படி என்று அவருக்கே தெரியவில்லை.

"கண்ணு எங்க இருந்துச்சு உங்களுக்கு?" அவள் வெடித்துவிட்டாள். பயம் வந்தால் அவளுக்கு அது திட்டாகத்தான் வெளியே வரும். "ஓடுற மெஷின்ல கையை விடுவாங்களா? ராத்திரி சரியாத் தூங்குறது கிடையாது, நேரத்துக்குச் சாப்பிடுறது கிடையாது, நான் ஒருத்தி கத்திக்கிட்டே கிடக்கேன். அந்த மாதிரி வெளிச்சத்துல நின்னுக்கிட்டு ஓடுறது தெரியலைன்னு சொன்னா யாராவது நம்புவாங்களா?"

"நின்னுச்சும்மா. நான் பார்த்தேன்."

"ஓடிக்கிட்டு இருந்துச்சுன்னு இப்பத்தானே சொன்னீங்க?"

"ஓடுச்சு. ஆனா நின்னுச்சு."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

முதலாளி கெட்டவர் இல்லை. சத்தம் போடவில்லை. "கண்ணைக் காட்டிட்டு வாப்பா. அதுவரைக்கும் ஸ்டோர்ல உக்காரு" என்று சொல்லியிருந்தார். கண் டாக்டர் எழுத்தெல்லாம் படிக்கச் சொல்லி, கண்ணுக்குள் டார்ச் அடித்துப் பார்த்து, கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டார். அதுதான் வினை. கண்ணில் கோளாறு என்றால் கண்ணாடி போட்டுவிடலாம். கண் நன்றாக இருந்து, ஓடுவது நிற்பதாகத் தெரிகிறது என்றால்?

அன்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அவர் கையால் சோற்றை அளைந்துகொண்டே சொன்னார். "அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது."

மாமனாரை அவள் பார்த்திருக்கிறாள். காலி நாற்காலியைப் பார்த்து 'வாங்க, உக்காருங்க' என்பார். கதவு திறந்திருக்கிறது என்று சுவரில் முட்டிக்கொள்வார். கடைசியில் பெற்ற பிள்ளையையே யார் என்று கேட்டார்.

"அப்படியெல்லாம் ஒண்ணும் இருக்காது" என்றாள். சொல்லும்போதே குரல் காட்டிக்கொடுத்தது.

"மறுபடியும் பார்த்தேன். ஸ்டோர்ல இருந்து எட்டிப் பார்க்குறப்ப வேற ஒரு மெஷின் நிக்குது. கிட்டப் போய்க் காதைக் கொடுத்தா ஓடுது. யார்கிட்டயும் சொல்லல." அவர் கையைக் கழுவ எழுந்தார். "வாரக் கடைசில முதலாளி வேற ஆளைப் போட்டுடுவாரு. போடட்டும். அதுதான் சரி. இன்னைக்கு என் விரல் தப்பிச்சுது. நாளைக்கு என்னால இன்னொருத்தன் கை போயிடக் கூடாது."

அவர் அவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதே இல்லை. அவர் படுத்த பிறகு அடுப்படியில் நின்று, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள் கடையில் உட்கார்ந்திருந்தாளே தவிர மனசு அங்கே இல்லை. ஒரு நூற்பாலைக்காரர் விளக்கு பார்க்க வந்தார். அவள் கேள்வி கேட்காததால், பாவம், அவரே டிவியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னம்மா இது, வீடியோல கறுப்புக் கறுப்பா ஓடுது?"

"போன் பழசுங்க."

"போனா?" அவர் தன் புதுப் போனை எடுத்து, கடைக்கூரையில் காட்சிக்குத் தொங்கிய அதே கோடவுன் விளக்குக்கு நேரே பிடித்தார். பட்டை ஓடியது. பக்கத்தில் தொங்கிய உயர்ந்த ரக விளக்குக்கு நேரே பிடித்தார். பட்டை இல்லை. "போன் இல்லம்மா, விளக்குதான். இது சிமிட்டுது. கண்ணுக்குத் தெரியாது, போனுக்குத் தெரியும். எங்க மில்லுல நூல் கதிர் சுத்துற இடத்துல இதை உள்ளேயே விட மாட்டாங்க."

"சுத்துற இடத்துலயா?"

அவர் என்னவோ பதில் சொன்னார். அவள் காதில் விழவில்லை. சிமிட்டல் என்ற சொல் அவளுக்குப் புதிதில்லை. உயர்ந்த ரக விளக்கின் அட்டையில் 'சிமிட்டாதது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். வீடியோ எடுப்பவர்களுக்கும் தலைவலிக்காரர்களுக்கும் உதவும் என்று அவளே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள். அதைத் தாண்டி அவள் யோசித்ததே கிடையாது.

நூற்பாலைக்காரரை நாளை வரச் சொல்லி அனுப்பிவிட்டுக் கொழுந்தனைக் கூப்பிட்டாள்.

"தம்பி, ஷட்டரை இறக்கு. அந்த ஒரு கோடவுன் லைட்டைத் தவிர எல்லாத்தையும் அணை. உன் டிரில்லிங் மெஷினை எடு."

"எதுக்கு அண்ணி? கடைக்கு ஓட்டை போடப் போறீங்களா?"

"வாயை மூடிக்கிட்டு எடுடா."

அண்ணி 'டா' போட்டால் விஷயம் பெரிது. அவன் எடுத்தான். டிரில்லின் முனையிலும் ஊசியைக் கவ்விப் பிடிக்க ஒரு குட்டிச் சக் உண்டு. அதற்கும் மூன்று பல்தான். விளக்குக்குக் கீழே பிடித்துக்கொண்டு, பொத்தானைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தச் சொன்னாள். சக் மங்கலாகச் சுற்றியது. வேகம் கூடக் கூட, மங்கல் தெளிந்து பல் பல்லாகப் பிரிந்தது. முதலில் முன்னால் ஊர்ந்தது. பிறகு பின்னால் ஊர்ந்தது. பிறகு நின்றது. மெஷின் கூச்சல் போட்டுக்கொண்டிருக்க, மூன்று பல்லும் எண்ணிப் பார்க்கிற மாதிரி அசையாமல் நின்றன.

அவள் கை அவளையறியாமல் அதை நோக்கிப் போனது.

"அண்ணி!" அவன் மெஷினை வெடுக்கென்று பின்னால் இழுத்தான். "என்ன பண்றீங்க? ஓடுது!"

"தெரியும்" என்றாள். "தெரிஞ்சும் கை போகுது பாரு."

அவள் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். எல்லாம் வரிசையாக மண்டையில் உறைத்தது. விளக்கு வினாடிக்கு நூறு தடவை மங்கி எரிகிறது. ஒவ்வொரு தடவை பளிச்சிடும்போதும், ஒரு பல் இருந்த இடத்தில் அடுத்த பல் வந்து நின்றுவிட்டால், கண்ணுக்கு அது நகராத பல். அந்தப் பழைய ஆள் குடிகாரன் இல்லை. பக்கத்துப் பக்கத்து விளக்குகளை வெவ்வேறு மின்வழியில் போட்டால், மூன்றும் ஒரே நேரத்தில் மங்காததால், ஒன்று மங்கும்போது இன்னொன்று எரியும். வெளிச்சத்தில் இடைவெளி விழாது. அதற்காக மாற்றி மாற்றி இழுத்திருக்கிறான். அதைப் பிடுங்கி ஒரே லைனில் போட்டது யார்? சிமிட்டுகிற விளக்கைக் கொண்டுபோய் மாட்டியது யார்? இது போதாதென்று, சூடான கம்பியால் விடாமல் எரிந்துகொண்டிருந்த ஒரே ஒரு மஞ்சள் பல்பையும் டிரம்மில் வீசியது யார்?

"நான்தாண்டா" என்றாள் சத்தமாக. "அவரைத் திட்டினேனே, என்னைக் கட்டி வெச்சுத் திட்டணும்."

"நானும்தான் அண்ணி" என்றான் அவன். அன்று முழுக்க அவன் ஜோக் அடிக்கவில்லை.

இருவரும் பட்டறைக்குப் போனபோது பொழுது சாய்ந்து மேலே விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. முதலாளி ஆபீஸ் அறையில் போனில் இருந்தார். அவள் நேரே ஸ்டோருக்குப் போய், நட்டும் போல்ட்டும் பிரித்துக்கொண்டிருந்த புருஷனின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அன்னைக்கு எந்த வேகத்துல ஓட்டினீங்க?"

"எதுக்கு?"

"அதே வேகத்துல இப்ப ஓட்டுங்க. ஓட்டிட்டுத் தள்ளி நில்லுங்க. கையைப் பாக்கெட்டுல விடுங்க."

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். ஆனால் ஓட்டினார். பித்தளை உருளையைக் கவ்விக்கொண்டு சக் சுழன்றது, வேகம் பிடித்தது, மெல்ல ஊர்ந்தது, நின்றது.

"எனக்கும் நிக்குதுங்க" என்றாள் அவள்.

அவர் திரும்பினார். "என்னது?"

"எனக்கும் நிக்குதுன்னு சொல்றேன். உங்க தம்பிக்கும் நிக்குது. யார் பார்த்தாலும் நிக்கும். கோளாறு மேல தொங்குது. நான் மாட்டினது."

அவரை முந்திக்கொண்டு, பின்னால் மில்லிங் மெஷினில் நின்றிருந்தவர் ஒரு கூச்சல் போட்டார்.

"அப்போ எனக்கும் அதானா தங்கச்சி? என் கட்டர் பின்பக்கமாச் சுத்துது! சரக்கோட வேலைதான்னு நெனச்சு நான் குடியையே விட்டுட்டேனே! ஐயோ, வீணாப் போச்சே!"

"நல்லதுதானே அண்ணே, விட்டதை அப்படியே விட்டுடுங்க" என்றாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

கூச்சல் கேட்டு முதலாளி வெளியே வந்தார். "என்னம்மா இங்க கூட்டம்?"

"இந்த லேத்தைப் பாருங்க" என்றாள்.

"பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன். எதுக்கு இவனை மறுபடியும் மெஷின்கிட்ட நிறுத்தி வெச்சிருக்கே?" கம்ப்ரஸர் சத்தத்தில் அவர் கத்திப் பேச வேண்டியிருந்தது. பேசிக்கொண்டே, தன் பட்டறை, தன் மெஷின் என்கிற பழக்கத்தில், நிற்கிற சக்கின் மேல் கையை ஊன்றப் போனார்.

அவள் அதை எதிர்பார்க்கவில்லை. பாக்கெட்டில் இருந்த கை எப்போது வெளியே வந்தது என்று யாருக்கும் தெரியாது. அவள் புருஷன் முதலாளியின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"ஓடுது முதலாளி."

"எங்கப்பா ஓடுது? நிக்குதே!"

அவர் பிடியை விடாமல், மறு கையால் எண்ணெய் துடைக்கிற நூலில் ஒரு துண்டை எடுத்துச் சக்கின் மேல் எறிந்தார். பட்டென்று அது கூரைப் பக்கம் பறந்தது. முதலாளி அதையும் பார்த்தார், தன் கையையும் பார்த்தார். பக்கத்திலிருந்த காலிப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

அவள் எதையும் மறைக்கவில்லை. சிமிட்டலைச் சொன்னாள், ஒரே லைனைச் சொன்னாள், கோடவுன் விளக்கைச் சொன்னாள். "எல்லாம் என் தப்பு. இந்த வெளிச்சத்துல இனி ஒரு மெஷினும் ஓட வேண்டாம். நல்ல விளக்கு வர்றவரைக்கும் பழையபடி மூணு லைன்லயும் மாத்தி மாத்தி இன்னைக்கே இழுத்துக் கொடுக்கச் சொல்றேன். மெஷினுக்கு ஒண்ணா குண்டு பல்பும் போடணும். இவர் மெஷின்ல ஒண்ணு இருந்துச்சு. நான்தான் பாவி, டிரம்ல வீசிட்டேன். இந்நேரம் பழைய இரும்புக்காரன் உருக்கியிருப்பான்."

அவள் புருஷன் லேத்தை அணைத்துவிட்டுத் தன் கருவிப் பெட்டிப் பக்கம் போனார். அடித்தட்டைத் திறந்து, துடைப்பு நூலில் சுற்றி வைத்திருந்த எதையோ எடுத்துக்கொண்டு வந்தார். வளைந்த கழுத்து, நசுங்கிய மூக்கு.

"எடுத்து வெச்சிருந்தீங்களா? ஏன் சொல்லல?"

"நீ திட்டுவே."

மில்லிங்காரர் வாய்விட்டுச் சிரித்தார். கொழுந்தன் அதை வாங்கி மாட்டினான். அவர் மறுபடியும் அதே வேகத்தில் லேத்தை ஓட்டினார். மஞ்சள் வெளிச்சம் விழுந்ததும் மூன்று பல்லும் கரைந்து, ஒரே மங்கலாக, பார்த்தாலே கையை இழுத்துக்கொள்ளத் தோன்றுகிற மாதிரி சக் சுற்றியது. ஓடுகிற மெஷின் ஓடுகிற மாதிரியே இருந்தது.

அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அவளை ஏசுவார் என்று அவள் காத்திருந்தாள். ஏசினால் தேவலாம் என்றுகூட இருந்தது.

"அப்போ எனக்கு ஒண்ணும் இல்லையா?" என்றார்.

"உங்களுக்கு ஒண்ணும் இல்லைங்க."

"அப்பா மாதிரி இல்லையா?"

"இல்லைங்க. சத்தியமா இல்லை."

அவர் லேத்தின் மேல் இரண்டு கைகளையும் ஊன்றிக் குனிந்துகொண்டார். தோள்கள் குலுங்கின. முதலாளி எழுந்து வந்து, பிடிபட்டுச் சிவந்திருந்த தன் கையாலேயே அவர் முதுகைத் தட்டினார். "நாளைக்குக் காலைல வந்து உன் மெஷின்ல நில்லு" என்று மட்டும் சொன்னார்.

நல்ல விளக்குகள் பிறகு வந்தன, கொழுந்தன் மாட்டினான். மில்லிங்காரரின் மனைவி ஒருநாள் கடைக்கே வந்து, அவர் மெஷினுக்கு மேலே மட்டும் அந்தச் சிமிட்டுகிற கோடவுன் லைட்டைத் திரும்பவும் மாட்ட முடியுமா என்று ரகசியமாகக் கேட்டாள். அவள் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பினாள்.

ஆனால் அது பின்னால் நடந்தது. அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பியதும் அவள் தட்டு வைத்தாள். அவர் சாப்பிட உட்கார்ந்தார். எதிரே உட்கார்ந்த அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஊரில் இருக்கிறவனிடமெல்லாம் கேட்ட கேள்வியை இத்தனை வருஷமாக இந்த மனுஷனிடம் ஒரு தடவை கேட்டதில்லை.

"என்னங்க."

"ம்?"

"கீழே என்ன வேலை நடக்குது? உங்க மெஷின்ல. முதல்ல இருந்து சொல்லுங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கேலி செய்கிறாளோ என்று ஒரு சந்தேகம். இல்லை என்று தெரிந்ததும், தட்டின் ஓரத்தில் இருந்த டம்ளரை நகர்த்தி நடுவில் வைத்தார். "இதை உருளைன்னு வெச்சுக்கோ" என்றார். பித்தளைக்கு ஒரு வேகம், இரும்புக்கு ஒரு வேகம் என்றார். உளி மழுங்கினால் சத்தம் எப்படி மாறும் என்று வாயால் சத்தம் போட்டுக் காட்டினார். சீவல் சுருண்டு சுருண்டு விழுந்தால் நல்லது, தூளாக விழுந்தால் ஏதோ சரியில்லை என்றார். அவர் பேசிக்கொண்டே போனார். சோறு ஆறியது. ஆறுது, சாப்பிடுங்க என்று நாக்கின் நுனி வரை வந்ததை அவள் விழுங்கிக்கொண்டு, டம்ளரைச் சுற்றிச் சுற்றி வந்த அவருடைய ஐந்து விரல்களையும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.